நீலமாகாத தாள்

பத்து நாற்பதுக்கு டெஸ்ட் ட்யூபை எண்ணெய்ச் சட்டிக்குள் இறக்கிய கையோடு ஜெசிந்தா வாஷ்பேசினுக்குப் போய் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். காலையிலிருந்து இது ஏழாவது தடவை. கழுவியும் அந்த எண்ணெய் வாடை போகவில்லை, எப்போதுதான் போயிருக்கிறது. எத்தனை முறை காய்ந்ததென்று அந்த எண்ணெய்க்கே ஞாபகம் இருக்காது, சட்டியின் விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம் படிந்து, அதில் ஓர் ஈ ஒட்டிக் காய்ந்து, அந்த ஈயையும் யாரும் எடுக்காமல், அவளும் தொடக் கூசி எடுக்காமல், ஆறு மாதமாக அங்கேயே கிடக்கிறது. ட்யூபுக்குள் பொடிப்பொடியாக நறுக்கிய வெள்ளைக் குழாய்த் துண்டுகள். வாயில் பஞ்சுக்கு நடுவே செருகித் தொங்கும் சிவப்புத் தாள், விரல் அகலம்கூட இல்லை. நீலமாகிவிடு சனியனே, சீக்கிரம் நீலமாகிவிடு என்று அந்தத் தாளைப் பார்த்து மனதுக்குள் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. பதினாறு வருஷமாக இந்தக் குழாய்க் கம்பெனி லேபில் இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நீலமாகாதே ராசா, இன்னும் இரண்டு நிமிஷம் தாங்கிக்கொள் என்று கெஞ்சியவள்தான் அவள். குழாய் உருகிச் செய்யப்படுகிற சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். அழுகினால் அமிலப் புகை விடும். புகை மேலே ஏறித் தாளைத் தொட்டால் சிவப்பு நீலமாகும்; பள்ளிக்கூடத்து லிட்மஸ் இல்லை இது, அமிலம் பட்டால் நீலமாகிற வேறு சாயத் தாள். எவ்வளவு நேரம் சிவப்பாகவே நிற்கிறதோ அவ்வளவு நல்ல கலவை. இருபது நிமிடம் தாங்கினால் கம்பெனிக்குப் போதும். ஈயம் இல்லாமல் அவள் செய்த புதுக் கலவை இந்தச் சட்டியில் முப்பது தாங்கும், மிஞ்சிப்போனால் முப்பத்திரண்டு. பழைய ஈயப் பொடி போட்ட கலவை ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கும். ஆகவே பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குள் அது நீலமாகிவிட வேண்டும். ஆகாவிட்டால், ஈயமில்லை என்று ஒரு மாதமாக அவள் போட்ட கையெழுத்தெல்லாம் பொய்.

எல்லாம் அந்த முடிச்சால் வந்தது. காலையில் குடோனுக்குள் போனபோது, தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற பழைய ஈயப்பொடி மூட்டைகளில் ஒன்று மற்றதைவிடக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொடாதே என்று சிவப்புப் பெயின்டில் எழுதியவள் அவளேதான், எழுத்துக்கூட ஒழுகி அசிங்கமாக இருக்கும். மொதலாளிக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை, கிடக்கட்டும் மேடம், அது சோறா கேட்குது என்றார், கிடந்தது. அந்த ஒரு மூட்டையின் வாயில் மட்டும் மில்லில் தைத்த வெள்ளை நூல் இல்லை. மஞ்சள் நைலான் கயிறு, இரட்டைச் சுருக்கு. பொடி கலக்குகிற மிக்சர் மிஷினைப் பார்க்கிற ஒச்சப்பன் தன் தூக்குச்சட்டி மூடியைக் கட்டிவருகிற அதே கயிறு, மாட்டுக்காரர்கள் போடுகிற அதே சுருக்கு. பார்த்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, லாரியில் ஏற்றத் தயாராகக் கட்டிவைத்திருந்த குழாயிலிருந்து தானே ஒரு துண்டு அறுத்து எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்துவிட்டாள். எப்போதும் சாம்பிள் கொண்டுவந்து தருவது ஒச்சப்பன்தான். ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டு, பீடிக்கட்டோடு, வியர்வையோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார்; அவள் அதை இடுக்கியால் எடுப்பாள். இடுக்கியால் எடுப்பதை அவர் பார்ப்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பத்து ஐம்பத்து மூன்று. சிவப்பு. இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே நீலமாகாது, ஆகவும் கூடாது. தொழிற்பேட்டைக்கே உரிய வாடை ஜன்னல் வழியே வந்தது. பக்கத்துத் தோல் உறைக் கம்பெனியின் பசை, எதிரே முட்டை அட்டை செய்கிறவனின் ஊறிய காகிதம், இவர்களுடைய மிஷினிலிருந்து வருகிற அந்தக் காரமான, பல்லைக் கூசவைக்கிற புகை. அந்தப் புகை பட்டுத்தான் இந்த அறையில் இருக்கிற ஆணி, கீல், கத்தரிக்கோல் எல்லாம் துருவேறிக் கிடக்கிறது. இரும்பே இப்படி என்றால் நெஞ்சு எப்படி இருக்கும் என்று ஒருநாள் தன் கணவன் செல்வினிடம் கேட்டாள். உனக்கு எதுலதான் அருவருப்பு இல்ல, நான் சாப்பிட்ட டம்ளரக்கூட நீ விரல் நுனியாலதான் எடுக்குற என்றான் அவன். உண்மைதான். பிளாஸ்டிக்கிலே பிழைப்பு நடத்துகிறவள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடையாது, எல்லாம் எவர்சில்வர். சமையற்காரன் தன் சமையலைத் தின்னமாட்டான் என்பார்கள். அவளுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும், அதுதான் வினை. நைஸாக வழுவழுவென்று வெள்ளையாக இருக்கிற குழாயைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் குழாய் தெரியும். அவளுக்கு அதன் அழுகல் தெரியும். சூடு பட்டால் ஒரு துளி அமிலம் கக்கும், அந்தத் துளி பக்கத்தில் இருப்பதைக் கெடுத்து இன்னொரு துளி கக்கவைக்கும், காற்றும் சேர்ந்துகொண்டு தன் பங்குக்குத் தின்னும், வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் புளியங்கொட்டை நிறமாகி, கடைசியில் கரி. அதைத் தடுக்கத்தான் பொடி. பொடி என்ன செய்யும்? ஒவ்வொரு துளி அமிலத்தையும் பிடித்துத் தான் விழுங்கிக்கொள்ளும், விழுங்க இடமில்லாமல் போகும்வரை. ஈயம் நன்றாக விழுங்கும், வஞ்சகமில்லாமல் விழுங்கும். சுண்ணாம்பும் துத்தநாகமும் சேர்ந்த புதுப் பொடி கொஞ்சம் விழுங்கிவிட்டு, போதும் என்று திடீரென்று கைவிரித்துவிடும். விரித்த மறுநொடி குழாய் கறுக்கும். நல்லதுக்குத் தெம்பு குறைவு, கெட்டதுக்கு ஆயுசு கெட்டி. இதைக் கண்டுபிடிக்க வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை.

விழுங்குவது அவளுக்கும் தெரிந்த வித்தைதான். திண்டுக்கல் ஹாஸ்டலில் மொட்டைமாடியில் ஒரு நீல டிரம் இருந்தது; வெயிலில் வெந்து வெந்து, மூடியைத் திறந்தால் ரப்பர் செருப்பைக் கொளுத்திய வாடை. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். முதல் வாரம் அவள் குடிக்காமல் கிடந்து மயங்கி விழுந்தாள். வார்டன் சிஸ்டர் தலையைத் தடவி, மூச்சைப் பிடிச்சுக்கோ, கண்ணை மூடிக்கோ, ஒரே மடக்கு, உள்ள போயிட்டா ஒண்ணும் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தார். போனால் ஒன்றும் தெரியத்தான் இல்லை. அன்றிலிருந்து எதையும் அப்படித்தான். கல்யாண வீட்டு எச்சில் பெஞ்சு, பஸ் கம்பி, பிரசவ வார்டு, மேனேஜர் வெங்கடசுப்பு நாக்கில் விரலைத் தொட்டுப் புரட்டுகிற ரிஜிஸ்டர். அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இத்தனை அருவருப்புப் படுகிறவள் இத்தனை வருஷம் எப்படி இங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் பதில் அதுதான். அருவருப்பு அவளை எதிலிருந்தும் காப்பாற்றியதில்லை. கையைக் கழுவவைத்ததோடு சரி.

பதினொன்று மூன்று. சிவப்பு, செம்பருத்திச் சிவப்பு. ஆனி மாதத்தில் என்ன பாடுபட்டாள். ஈயம் வேண்டாம் வேண்டாமென்று இரண்டு வருஷம் மொதலாளியின் காதைக் கடித்து, குடிதண்ணீர்க் குழாய் ஆர்டருக்கு ஈயமில்லை என்று சான்று கேட்கிறார்கள் என்றதும்தான் அவர் தலையை ஆட்டினார். முதல் லாட் கறுத்தது. இரண்டாவது லாட்டில் குழாய் நெடுக எள் தூவியது மாதிரி கரிப்புள்ளி. மூன்றாவதில் மிஷினுக்குள்ளேயே தீய்ந்து, மூடியைக் கழற்றியபோது வந்த புகையில் நாலு பேர் வெளியே ஓடிப் போய் வாந்தி எடுத்தார்கள். வெங்கடசுப்பு எல்லார் முன்னாலும் சொன்னார்: “மேடம், ஒங்க புதுப் பொடிய நீங்களே தலைக்குத் தேச்சுக் குளிங்க. நாலாவதும் கருகுச்சுன்னா நான் பழைய பொடியத்தான் போடுவேன், வேற கெமிஸ்டத்தான் பாக்கணும்.” ஒச்சப்பன் மட்டும் மிக்சர் அடியில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது லாட் வந்தது. வெள்ளை வெளேரென்று, பால்கோவா வெள்ளை. தாள் ஐம்பத்தெட்டு நிமிடம் தாங்கியது. ஐம்பத்தெட்டு! முப்பத்திரண்டு தாங்க வேண்டியது ஐம்பத்தெட்டு தாங்கினால் சின்னப் பிள்ளைக்கும் சந்தேகம் வரும். அவளுக்கு வரவில்லை. பொய், பொய், வந்தது. வந்ததை ஒரே மடக்கு. மழை ஓய்ந்து ஈரம் குறைந்திருக்கலாம், சூடு சீராக இருந்திருக்கலாம், பிளாஸ்டிக் பிசின் இந்தத் தடவை நல்ல பிசின், இப்படி ஒவ்வொன்றாக எடுத்து அந்த ஐம்பத்தெட்டின் மேல் போட்டு மூடினாள். மொதலாளி ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார். கை நிறைய ஜீராவோடு வெங்கடசுப்பு ரிஜிஸ்டரைப் புரட்டி, நாக்கில் விரலைத் தொட்டு, இந்தாங்க மேடம் என்று நீட்ட, அந்த ஜீரா ஒட்டிய பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டும்.

அலமாரியின் மேல்தட்டில் பழுப்பு நிறப் பாட்டில் இருக்கிறது. சோடியம் சல்ஃபைடு. அதிலிருந்து ஒரு சொட்டு குழாய்மேல் விட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்; துத்தநாகம் இருந்தால் நிறம் மாறாது, சுண்ணாம்பு இருந்தால் ஒன்றும் ஆகாது, ஈயம் இருந்தால் கறுக்கும். தாளையும் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதே இல்லை. ஆனால் திறந்தால் அழுகின முட்டை வாடை. அறை முழுக்கப் பரவி, முடியில் ஏறி, வீட்டுக்கு வந்து, தலையணையிலும் இருக்கும். அதனால்தான் ஒரு மாதமாகத் திறக்கவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் பாட்டிலைப் பார்க்கையிலேயே வாடை அடித்தது, மூடியிருக்கும் பாட்டிலுக்கு ஏது வாடை, வாடை தன்னிடமிருந்துதான் வருகிறது என்று தோன்றியது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதையாவது பரவாயில்லை, அது கண்ணை மட்டும்தான் மூடிக்கொண்டது. இவள் மூக்கையும் மூடிக்கொண்டாள்.

பதினொன்று பன்னிரண்டு ஆயிற்று. தாளின் நுனியைக் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், வெளிச்சத்துக்காக ஜன்னல் கதவைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். சிவப்பு. ஒருவேளை பஞ்சு இறுக்கமாகிவிட்டதோ, புகை மேலே வரவில்லையோ, தாள் பழசோ. இதோ மறுபடியும் மூடி தேடுகிறாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து வெங்கடசுப்பு வந்து நின்றார், சட்டைக் காலரில் பவுடரும் வியர்வையும் குழைந்து கோடாக இருந்தது. “என்ன மேடம், எம்புட்டு ஆச்சு? முப்பத்தஞ்சா? சூப்பரு. ஒங்க பொடி ஒங்க பொடிதான்.” மேசையிலிருந்த ரிஜிஸ்டரை இழுத்தார், விரலை நாக்குக்குக் கொண்டுபோனார். அந்த விரலைத் தட்டிவிடலாமா என்று ஒரு கணம் கை எழுந்தது. பதினாறு வருஷமாக ஈயப் பொடி படிந்த பக்கங்கள், பதினாறு வருஷமாக அதே நாக்கு. அவருக்கு அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். ஓமத் தண்ணீர் குடிப்பார். அவள் அதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், அசிங்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு. “முடிஞ்சதும் போட்டுருங்க மேடம், லாரிக்காரன் கத்துறான், தார்ப்பாயெல்லாம் கட்டிட்டான்” என்றுவிட்டு அவர் போனார். எச்சில் ஈரம் பட்ட மூலை மெல்லக் காய்ந்து சுருண்டது.

பதினொன்று இருபத்தைந்துக்கு ஒச்சப்பன் டீயோடு வந்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், உசிலம்பட்டிப் பக்கம், புருவம் மீசை காது மடல் எல்லாம் வெள்ளைப் பொடி படிந்து, மாவு மில்லிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருப்பார். டம்ளரின் விளிம்பை ஐந்து விரலாலும் கவ்விப் பிடித்துத்தான் கொண்டுவருவார். அவர் விரல் பட்ட இடத்தில் வெள்ளையாக ரேகை இருக்கும். தினமும் அவள் வாங்கி வைத்துக்கொள்வாள், அவர் போனதும் பேசினில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பாள். இன்றைக்கும் வாங்கி வைத்தாள். அவர் போகவில்லை. ட்யூபைக் குனிந்து பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. பேரப்பிள்ளை முதல் அடி வைத்ததைப் பார்க்கிற முகம்.

“செவசெவன்னு நிக்குது பாத்தீகளா தாயி. முக்கா மணி ஆயிருச்சுல்ல?”

“ஆயிருச்சுண்ணே.” தாளைப் பார்த்தபடியே கேட்டாள். “அந்த மஞ்சக் கயிறு ஒங்களுதா?”

அவர் ஒளிக்கவில்லை, தயங்கக்கூட இல்லை. திருடனாக இருந்தால் தயங்கியிருப்பார். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினார், வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார், ஒரு நல்ல காரியத்தை ஊரறியாமல் செய்தவர்களுக்கு இருக்கிற கூச்சம்.

“அந்தாளு எல்லாரு முன்னாடியும் ஒங்கள அப்பிடிப் பேசிப்புட்டான். எனக்கு மனசு கேக்கல. ஒங்க பொடி நல்ல பொடிதான், கொஞ்சம் தெம்பு பத்தல, அம்புட்டுத்தான். சோறு வடிக்கையில ஒல பத்தலேன்னா ஒரு செம்பு ஊத்துறதில்லயா. மூடைக்கு ஒரு கை, பழசுல. ஒரே ஒரு கை. ஒருத்தருக்கும் தெரியாது தாயி, நா யாருகிட்டயும் மூச்சு விடல. ஒங்க பேரு நெலைச்சுச்சுல்ல, அது போதும்.”

தராசு அங்கேயே இருக்கிறது, ஆனால் ஒச்சப்பனுக்குக் கைதான் தராசு. மற்றப் பொடியெல்லாம் கையில் பஞ்சாகத் தெரியும், ஈயப் பொடி மட்டும் கனக்கும். கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் பார்த்தே இது இன்ன பொடி என்பார். அந்தக் கையைத்தான் அவள் பார்த்தாள். அகலமான கை. தனக்காக ஒரு மாதமாக அள்ளிப் போட்ட கை. அவரைத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள், வந்தது வேறு. “எத்தன லாட்டுண்ணே?”

“நாலாவதுலருந்து எல்லாத்துக்கும்தேன். எங்க ஊருக்குப் போச்சுல்ல ரெண்டு லாரி, அதுக்கு மட்டும் ரெண்டு கை போட்டேன்.” இப்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம ஊருக்குப் போறது, நாப்பது வருசம் நிக்கணும்ல. போன வெள்ளிக்கெழம தண்ணி தொறந்துவிட்டாக தாயி. குழாயில சூடம் காட்டி, பொம்பளைக குலவ போட்டு, எம்மகதான் மொதக் கொடம் புடிச்சா. பிரசவத்துக்கு வந்திருக்கா, ஏழு மாசம். வாசல்லயே தண்ணி, இனி கம்மாக்கரைக்கு நடக்கவேண்டியதில்ல.”

எண்ணெய்ச் சட்டி சளசளத்தது. அவளுக்கு வாயில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி ஓர் உவர்ப்பு ஊறியது. ஏழு மாசம், முதல் குடம். இந்த மனிதர் மேல் எரிச்சல் வந்தது, எரிச்சல் நிற்க இடமில்லாமல் நழுவியது, வெங்கடசுப்பு மேல் போட்டுப் பார்த்தாள், மொதலாளி மேல் போட்டுப் பார்த்தாள், எங்கே போட்டாலும் ஈ மாதிரி திரும்பத் தன்மேலேயே வந்து உட்கார்ந்தது.

“ஈயம் கெடுதல்னு நாந்தான் சொன்னேன்லண்ணே. இத்தன தடவ சொன்னேனே.”

“மூக்குல ஏறுனாத்தான கெடுதல். நா துண்டக் கட்டிக்கிட்டுத்தேன் அள்ளுனேன்.” அவர் ஆச்சரியமாக அவளைப் பார்த்தார். “குழாய்க்குள்ள போயிட்டா வெளிய வராதுன்னு நீங்கதான தாயி சொன்னீக. அன்னைக்கி நாங்க அத்தன பேரும் பயந்துபோயி ஒங்ககிட்ட வந்து நின்னோமே. கலந்துட்டா வெளிய வராதுண்ணே, பயப்படாம வேலையப் பாருங்கன்னீகளே.”

சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே வாசலில் நின்று. யாரோ பத்திரிகையில் படித்துவிட்டுக் கிளப்பிவிட, பதினைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மொதலாளி உள்ளே இருந்து, நீங்க படிச்சவுக, நீங்க சொன்னாக் கேப்பாங்க என்றார். அவளுக்குத் தெரியும், புதுக் குழாயில் முதல் தண்ணீரில் கூடுதலாக வரும், பிறகு குறையும், குறைந்தாலும் நிற்காது. அவ்வளவு நீளமான உண்மையை அந்த வெயிலில் யாரிடம் சொல்வது. அவர்கள் வியர்வை நாற்றம் குப்பென்று அடிக்க, சீக்கிரம் போய்த் தொலையமாட்டார்களா என்றுதான் இருந்தது. வெளிய வராதுண்ணே. ஒரே மடக்கு. அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் உள்ளே வந்து கையைக் கழுவினாள். அந்த வார்த்தையைத்தான் இந்த மனிதர் ஏழு வருஷம் வேதவாக்காகப் பத்திரமாக வைத்திருந்து, தன் ஊர்க் குழாயில் ரெண்டு கையாகப் போட்டிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போனவர் அவர். மண்ணைப் பிசைந்து கையில் கொடுத்தவள் அவள்.

நாற்காலியைப் போட்டு ஏறி மேல்தட்டுப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகினாள். அழுகின முட்டை வாடை அறையை நிறைத்தது, ஒச்சப்பன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இவள் பொத்தவில்லை, வேண்டுமென்றே மூச்சை உள்ளே இழுத்தாள், கண்ணில் நீர் வந்தது, குமட்டியது, இருந்தும் இழுத்தாள். தண்ணீரில் கலக்கி, மீதமிருந்த குழாய்த் துண்டின் மேல் ஒரு சொட்டு விட்டாள். வெள்ளையில் பழுப்பாக ஒரு வட்டம் விரிந்து, நடுவிலிருந்து கறுத்தது.

“என்ன தாயி இது?”

“ஈயம்ணே.”

அவர் தன் கையை நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். ரேகைகள் மட்டும் கறுப்பாகத் துலங்கி எழுந்தன. நகக்கண் கறுத்தது. அவர் டீ டம்ளரில் விரல் பட்ட இடத்தில் விட்டாள், கறுத்தது. பிறகு தன் வலதுகை ஆள்காட்டி விரலில் விட்டாள். காலையிலிருந்து ஏழு தடவை கழுவிய கை. தோலில் ஒன்றும் தெரியவில்லை, அப்பாடா என்று ஒரு நொடி இருந்தது, அதற்குள் நகத்தின் ஓரத்தில், பேனா அழுந்துகிற அந்த இடத்தில், மெல்லிய கறுப்புக் கோடு. எத்தனை சோப்பு. எத்தனை அருவருப்பு. கோடு கோணாமல் அழகாக இருந்தது.

“தாயி.” ஒச்சப்பன் கறுத்த உள்ளங்கையை இன்னும் நீட்டியபடியே நின்றார். “தண்ணியில வருமா?”

வராதுண்ணே என்று நாக்கு தானாகவே எழுந்தது. பழகின நாக்கு. அதைப் பல்லால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

“வரும்ணே.”

அவர் சட்டைப்பையிலிருந்து, பீடிக்கட்டுக்குப் பின்னால் இருந்து, போனை எடுத்தார். கறுத்த விரலால் எண்ணை அழுத்தத் தெரியாமல் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். அதற்குள் வெங்கடசுப்பு வாசலில் வந்து நின்று, “என்னங்க மேடம் இந்த நாத்தம், கையெழுத்து ஆச்சா?” என்றார். “லாரியில ஏத்துனத இறக்கச் சொல்லுங்க” என்றாள் ஜெசிந்தா, அவர் பக்கம் திரும்பாமலே. “ஒரு மாசமா போனதெல்லாம் எங்கெங்க போச்சுன்னு லிஸ்ட் எடுங்க. அந்த விரலை நாக்குல வைக்காதீங்க சார்.” அவர் என்னவோ கத்தினார், வேலை போகும் என்றார், மொதலாளியைக் கூட்டிவருகிறேன் என்று போனார். எண்ணெய்ச் சட்டிக்கு மேலே தாளின் நுனி மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது, நேரத்தை யாரும் குறிக்கவில்லை.

ஒச்சப்பன் போனில், “ஏத்தா, அந்தத் தண்ணியக் குடிக்காத, கொட்டிப்புடு... ஆமா, எல்லாத்தையும்... எனக்குச் சொல்லத் தெரியல, இந்தா” என்று சொல்லிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார். பொடியும் வியர்வையும் ஈரமும் குழைந்து வழுவழுவென்று இருந்தது அந்தப் போன். அவள் இடுக்கியைத் தேடவில்லை. வாங்கிக் காதில் வைத்துக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சு வாங்கினாள், பின்னால் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்காமல் கேட்டது.

“ஆரு பேசுறது?” என்றது அந்தக் குரல்.

“அந்தக் குழாய்க்குக் கையெழுத்துப் போட்டவ பேசுறேன்மா” என்றாள் ஜெசிந்தா.